ரதிக்கு ஊக்கு குத்தும் நேரம்

"தம்பி, வெளிச்சத்த மறைக்காதீங்க! ரதிக்கு இன்னும் மை போடல!"

விரட்டப்பட்டதிலும் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். இரத்தோட்டைக்கு மேலே, தேயிலையும் மிளகும் கலந்து கிடக்கும் சரிவில், ஒரு லயத்துக் காம்பிராதான் இன்றிரவு ஒப்பனை அறை. மாசிப் பௌர்ணமி, காமன் கூத்து! ரதியாகப் போகிறவர் மீசையை மழித்துவிட்டு, வாயில் இரண்டு ஊக்குகளைக் கடித்தபடி கொசுவத்தோடு மல்லுக்கட்டுகிறார். மன்மதனின் கிரீடத்தில் ஜிகினா ஒட்டிய பசை காயவில்லை. ஒரு சிறுவன் விசிறிக்கொண்டிருக்கிறான். மூலையில் எமதர்மன், பூசிய கறுப்பு கலையாமல் பிளேன்டீ குடிக்கிறார். அந்த லாவகத்துக்கே கைதட்டலாம்!

வெளியே நெருப்பில் தப்பு காய்கிறது. தட்டுகிறார்கள், காதைக் கொடுக்கிறார்கள், மறுபடி சூடு காட்டுகிறார்கள். தொரைமார் காலத்தில் விடியுமுன் லயங்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு ஆள் சேர்த்ததும் தப்புதான். இன்றிரவு அது அழைப்பது வேலைக்கல்ல, காமன் பொட்டலுக்கு. காமன் கூத்தின் அரசியல் கதையில் இல்லை, இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. யார் அழைக்கிறார்கள், யாருக்காகக் கூடுகிறோம் என்பதில். (தப்படிப்பவரைச் சாதி சொல்லி ஓரத்தில் நிறுத்திய வழக்கமும் இதே பொட்டல்களில் இருந்ததுதான். அதுவும் அரசியலே.)

கூடுவது அன்று லேசான காரியமா? வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்கவே தடை இருந்த காலம். கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில்தான் உள்ளே நுழைந்தாராம். தொழிற்சங்கம் கட்டிய மனிதருக்கும் ஒப்பனை தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்! 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு' என்று நாடகமும் எழுதினார். அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடிப் பாடியே ஆள் திரட்டினார். பேச்சுக்கு முன்னால் பாட்டு, பாட்டுக்குள்ளே சங்கம். பிறகு 1948இன் சட்டம் தோட்ட மக்களின் குடியுரிமையைப் பறித்தது, வாக்கும் போனது. வாக்குச்சாவடியில் இடமில்லாதவர்கள் மாசி வந்தால் மூன்றாம் பிறையில் காமனை ஊன்றினார்கள், பௌர்ணமியில் எரித்தார்கள். அதற்கு எவன் பதிவேடும் தேவைப்படவில்லை.

கொழும்பில் கலையையும் சமூகத்தையும் சேர்த்துவைக்கக் கருத்தரங்கு நடத்துகிறார்கள், நடத்தட்டும். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்களே, மூதாதையர் வந்த வழியை மறுபடி கால்களால் எழுதிய அந்தப் பயணமும் ஒரு பெருங்கூத்துதான். எனக்கோ இந்தக் காம்பிராவை விட்டு நகர மனமில்லை. ஏனென்றால் கோமாளி ஒத்திகை பார்க்கிறார்!

"சாமி நெத்திக்கண்ணத் தொறந்து மன்மதன எரிச்சிட்டாரு. தொரை என்னா சொன்னாரு தெரியுமா? எரியட்டும், அந்த வெளிச்சத்துல இன்னும் ரெண்டு கிலோ கொழுந்து எடுங்கன்னாரு!"

எமதர்மனுக்குப் புரையேறிவிட்டது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை வருஷக்கணக்கில் போராடிய சனம் இது. இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. கதைப்பாட்டில் இந்த வரி கிடையாது, அடுத்த மாசியில் இதுவும் இருக்காது. அப்போதைய சம்பளத்துக்கு ஏற்ப வேறொன்று வரும்.

"ரதி, கிளம்பு!" தப்பு எகிறுகிறது. வீரபத்திரனை இடுப்பில் கயிறு கட்டி இழுத்துப் பிடிக்க நாலு பேர் தயார். அந்த நேரம் பார்த்து அவர் மடியில் போன் அடிக்கிறது. கொழும்புக் கடை முதலாளி. உருட்டி விழித்த கண்ணோடு, கையில் வாளோடு, வீரபத்திரன் பணிவாகச் சொல்கிறார்: "ஆமாங்க முதலாளி, திங்கக்கெழம காலையில வந்துருவேங்க."