முதுமை தொடாத கண்ணாடி உடல்

எடமலைப்பட்டி புதூரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் போனால் நாகப்பட்டினம். அங்கே கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகள் 2004 சுனாமிக்குப் பின் நம் கடலோரமெங்கும் பெருகின. அதே ஃபைபரில் செய்த 36 அடிப் பாய்மரப் படகு ஒன்று, 2023 ஏப்ரலில் உலகைச் சுற்றி முடித்தது. படகின் பெயர் ‘பயானத்’. தனியாக ஓட்டியவர், இந்தியக் கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அபிலாஷ் டோமி. 236 நாள் பயணம். கோல்டன் குளோப் பந்தயத்தில் இரண்டாமிடம். 1988க்கு முந்தைய வடிவமைப்புகளுக்கு மட்டுமே அதில் அனுமதி.

பழைய வடிவம் எப்படித் தாங்குகிறது? கண்ணாடியை மெல்லிய இழையாக்கி, பாய்போல் பின்னி, அச்சுக்குள் அடுக்கடுக்காக விரித்து, பாலியெஸ்டர் ரெசினில் ஊறவைக்கிறார்கள். இழுவிசையை இழை தாங்கும். இழையை ரெசின் நகரவிடாது. இறுகியதும் உடல் ஒரே துண்டாக வெளிவரும். பலகை மூட்டு இல்லை, கடற்புழு அரிக்காது. 1959இல் அமெரிக்காவில் அறிமுகமான 28 அடி ‘ட்ரைட்டன்’ படகு 700க்கு மேல் விற்றது. புதுப்பொருளை முழுதாக நம்பாத அக்காலத்தார் உடலைத் தடிமனாகவே வார்த்தார்கள். அந்தத் தடிமன்தான் இன்றும் காக்கிறது.

அடியில் நீளும் ஏராவுக்குள் ஈயமோ இரும்போ இருக்கும். காற்று சாய்த்தால் அந்த எடை நிமிர்த்தும். பக்கவாட்டில் நழுவாமல் ஏரா தடுப்பதால், எதிர்க்காற்றிலும் படகு காற்றின் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை கோணத்தில், இடமும் வலமுமாக மாறி மாறி முன்னேறும்.

வயதாவது பெரும்பாலும் மற்ற உறுப்புகளுக்குத்தான். பல படகுகளில் மேல்தளம் இரண்டு ஃபைபர் தகடுகள், நடுவே பால்சா மரம். போல்ட் துளை வழியே நீர் கசிந்தால் மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: ‘டக்’ என்று கணீரென ஒலித்தால் நலம்; ‘தொப்’ என்று மங்கினால் அங்கே நீர் புகுந்திருக்கலாம். பாய்மரத்தை நிறுத்தும் எஃகுக் கம்பிகள் வெளியே பளபளத்தாலும், இணைப்புக்குள் விரிசல் விட்டிருக்கலாம்; பத்தாண்டுக்கொருமுறை மாற்றுவது நல்லது.

கட்டிய ஆண்டைப் பார்த்துப் பழைய படகை ஒதுக்காதீர்கள். உடலோடு மேல்தளமும் கம்பிகளும் தேறினால், நாற்பது வயதுப் படகையும் நம்பிக் கடலோரம் ஓட்டலாம்.