உங்களுக்குத் தெரியுமா? 1 மீட்டர் நன்னீர் 40 மீட்டர் உப்புநீரைத் தடுக்கும்!

கடப்பாக்கம் போன்ற ஊர்களில் உப்புக்கடல் பக்கத்திலேயே இருக்கும். ஆனாலும் மணற்பாங்கில் தோண்டிய கிணற்றில் குடிக்கத் தகுந்த தண்ணீர் ஊறுவதுண்டு. கடல் ஏன் உள்ளே புகவில்லை?

அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தண்ணீர் போகும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது மட்டும் போதாது. கிணற்றின் அடியில் அழுத்தம் அதிகம். அதற்காக அடித்தண்ணீர் மேலே பீறிட்டு வருவதில்லையே! மேலே உள்ள நீருக்கு அழுத்தம் குறைவு, உயரத்தால் வரும் ஆற்றல் அதிகம். இரண்டையும் கூட்டினால் மேலும் கீழும் சமம். இந்தக் கூட்டுத்தொகை எங்கே குறைவோ அந்தப் பக்கமே நிலத்தடி நீர் நகரும் என்று அமெரிக்க நிலவியலாளர் கிங் ஹப்பர்ட் 1940-இல் கணக்கோடு நிறுவினார்.

மணலில் இறங்கிய மழைநீர் கடல்மட்டத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கிறது. அந்த உயரமே அதைக் கடலை நோக்கித் தள்ளுகிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடுதான் கனம் கூடியது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை உப்புநீர் அண்டாது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்டறிந்த கணக்கு இது.

மோட்டார் போட்டு நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், அடியிலுள்ள உப்பு எல்லை நாளடைவில் 20 மீட்டர் ஏறிவரக்கூடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. நல்ல வயல்கிணறுகள் அங்கே உப்பாகிப் போனது பெரிய இழப்பு.