காசுக்குப் புளி போடாதீங்க பாஸ்!

உங்க வீட்டு பீரோவிலயோ, பாட்டியோட சுருக்குப்பையிலயோ பழைய செப்புக்காசு இருக்கா? ஆர்வக்கோளாறுல கையில புளியோட கிளம்பிடாதீங்க. கிளம்பினவன் சொல்றேன், கேளுங்க!

எங்க ஊர் ஆரணி. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். எங்க ஆயாகிட்ட ஒரு காசு உண்டு. 1808-ல் கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட 20 காசு நாணயம். ஒரு பக்கம் கம்பெனியோட சிங்கச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. ஆயாவோட அப்பா நெசவாளி. அவர் கொடுத்த அந்தக் காசை வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தறி மேல வெச்சுக் கும்பிடும் ஆயா.

போன வருஷம் பூஜைக்கு முந்தின நாள், 'ஆயாவுக்கு சர்ப்ரைஸ் கொடுப்போமே'னு களத்துல குதிச்சேன். புளி, உப்பு, பாத்திரம் தேய்க்கிற பவுடர்... அரை மணி நேரத்துல காசு தகதகனு மின்னுச்சு. ஆனா, சிங்கத்துக்கு முகத்தைக் காணோம்! ஆயா திட்டவே இல்லை. காசைத் தடவிப் பார்த்துட்டு, "எங்கப்பா கை பட்ட காசுடா இது. அவரு கையையே தேய்ச்சு எடுத்துட்டியே"னு மட்டும் சொல்லுச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

அப்புறம்தான் ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி புக்கைத் தூசு தட்டினேன். காசு மேல படியிற பழுப்பும் பச்சையும் அழுக்கு இல்லை பாஸ். செம்பு காத்தோட சேர்ந்து மேல் தோலே ஆக்ஸைடா, கார்பனேட்டா மாறினது. கெட்டியா, வழவழப்பா இருந்தா அதுதான் உள்ளே இருக்கிற செம்புக்குப் பாதுகாப்பு. புளியில இருக்கிற டார்டாரிக் அமிலம் அந்தத் தோலைக் கரைச்சுடும். எழுத்து, உருவம் எல்லாம் அந்தத் தோல்லதான் இருக்கு. ராஜராஜ சோழன் செப்புக்காசா இருந்தா 'ஸ்ரீ ராஜராஜ'ங்கிற நாகரி எழுத்தே அவுட்!

'ஆரணியில பட்டு நூலை சோப்பு, சோடா போட்டு அவிச்சாத்தானே பளபளப்பு வருது?'னு நீங்க மடக்கலாம். அங்கே போறது பட்டுப்பூச்சியோட கோந்து. எடையில கிட்டத்தட்ட கால் பங்கு போனாலும் பட்டு முழுசா மிஞ்சும். இங்கே போறது காசோட சொந்த உடம்பு!

'விடு மச்சி, திரும்பக் கறுப்பாக்கிடலாம்'னு ஒரு ஃப்ரெண்ட் ஐடியா கொடுத்தான். அவிச்ச முட்டையோட டப்பாவுல போட்டு மூடினா, அதுல வர்ற கந்தக வாயுவால செம்பு கறுத்துடும். நிஜம்தான். கலர் வரும், சிங்கத்தோட முகம் வருமா? அப்படிக் கலர் ஏத்தி ஒரிஜினல்னு விக்கிறது சுத்தமான ஏமாத்து வேலை. பழக்கப்பட்ட சேகரிப்பாளர்கள் பார்த்ததும் கண்டுபிடிச்சுடுவாங்க.

அப்போ காசைத் தொடவே கூடாதா? ஒரு கேஸ்ல சும்மா இருக்கக் கூடாது. வெளிர்பச்சையா, சுரண்டினா மாவு மாதிரி உதிர்ற புள்ளி இருந்தா உஷார்! உப்புல இருக்கிற குளோரைடு, ஈரத்தோட சேர்ந்து செம்பை அரிச்சுக்கிட்டே போகும். இதுக்குப் பேரே 'வெண்கல நோய்'. (நான் உப்பு வேற போட்டேன்... ஹூம்!) கடல்ல கிடந்த காசுக்கு இந்த ஆபத்து அதிகம். 1808 காசுகளை இங்கிலாந்திலிருந்து மெட்ராஸுக்கு ஏத்திக்கிட்டு வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கிப் போச்சு. 1980-களில் அதிலிருந்து காசுகளை எடுத்தாங்க. இந்த மாதிரி நோய்க்கு வீட்டு வைத்தியம் வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல இதுக்குன்னே 1930-ல் ஆரம்பிச்ச வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கு. அந்த மாதிரி இடத்துல கேளுங்க.

நோட் பண்ணிக்கோங்க!

* முதல்ல ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க.
* மண் ஒட்டியிருந்தா காய்ச்சி வடிச்ச தண்ணியில ஊறவெச்சு, மெத்துனு ஒத்தி ஈரம் போக உலர்த்துங்க. அதோட நிறுத்திக்கோங்க.
* புளி, எலுமிச்சை, வினிகர், பேஸ்ட், கம்பி பிரஷ்... மூச்!
* ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க. விரல் வியர்வையிலும் உப்பு இருக்கு.
* பி.வி.சி. கவர் வேண்டாம். நாளடைவுல பிசுபிசுனு பச்சை படியும். பேப்பர் கவரும் சிலிகா ஜெல்லும் போதும்.
* மண்ணைத் தோண்டும்போது கிடைச்ச புதையலா? 10 ரூபாய்க்கு மேல மதிப்பிருந்தா கலெக்டருக்குச் சொல்லணும். 1878-லிருந்தே சட்டம் இருக்கு!

இந்த வருஷமும் ஆயுத பூஜைக்கு அதே காசைத்தான் தறி மேல வெச்சது ஆயா. முகமில்லாத சிங்கம், லேசா திரும்பவும் பழுப்பாக ஆரம்பிச்சிருந்தது. "பரவாயில்லடா, அதுவா கறுக்கட்டும். நீ கிட்ட வராதே!"ன்னுச்சு.

நீங்களும் உங்க ஆயாகிட்ட காசை வாங்கிப் பாருங்க. தேய்க்க இல்லை, கதை கேட்க!