வான்கதவும் வதந்தியும்

கிளிநொச்சிப் பகுதிப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் நான். மாணவர்களின் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பொறுப்பாசிரியனாக இருந்த காலத்தை இன்றும் இனிமையோடு நினைப்பதுண்டு. மாதம் ஓரிதழ், ஒரே ஒரு பிரதி. கையெழுத்து அழகாயமைந்த மாணவி ஒருத்தி அதனை எழுதி முடிப்பதற்குள், ஒவ்வொரு செய்தியும் நாலு பேரிடம் உரைத்துப் பார்க்கப்பட்டுவிடும். "இதை யாரிடம் கேட்டாய்?" என்று வினவுவதே என் தொழில்.

இன்று மாணவர்க்குத் தாளும் வேண்டியதில்லை, மையும் வேண்டியதில்லை. கைத்தொலைபேசி ஒன்றே அச்சகமாகவும் அஞ்சலகமாகவும் ஆகிவிட்டது. கேட்பதற்கும் வெளியிடுவதற்கும் இடையே கிடந்த அந்த ஓரிரவு மறைந்துபோயிற்று. அதன் விலை யாது என்பதை நான் உணர்ந்தது 2018 டிசம்பரில்.

அம்மாதம் பெருமழை கொட்டி இரணைமடுக் குளம் நிரம்பியது. வான்கதவுகள் திறக்கப்பட்டன, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் புகுந்தது. அவ்விரவில் அயலவர் ஒருவர் ஓடிவந்து, "மாஸ்டர், குளம் உடைச்சுப் போட்டுதாம்! பேரப்பிள்ளையைத் தூக்குங்கோ!" என்றார். இருட்டில், முழங்கால் நீரில், குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தேன். விடிந்தபின்தான் அறிந்தோம், குளம் உடைப்பெடுக்கவில்லை. குளக்கட்டைக் காப்பதற்காகவே வான்கதவைத் திறக்கிறார்கள். காப்பதற்குச் செய்த காரியம் அழிவென்று பரவிவிட்டது!

அச்செய்தியை எங்கள் ஊரில் பரப்பியவருள் என் பழைய மாணவன் ஒருவனும் இருந்தான். பின்னர் கண்டபோது தலைகுனிந்து, "பிழை எண்டு தெரிஞ்ச உடனே அழிச்சிட்டன், சேர்" என்றான்.

அழித்ததுதான் என்னை வருத்திற்று. அச்சுப் பத்திரிகை தவறினால் அதனை அழிக்க இயலாது. மறுநாள் 'திருத்தம்' என்று தலைப்பிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வெட்கமே பத்திரிகையாளனை வளர்த்தது. இணையத்திலோ தவறு சுவடின்றி மறைகிறது. அதைக் கண்டு அஞ்சியவனின் நெஞ்சிலிருந்து மட்டும் அது மறைவதில்லை.

இதனால் இணையத்தை வெறுப்பவன் நான் என்று எண்ணற்க. 2008 செப்டெம்பரில் தொண்டு நிறுவனங்கள் வன்னியைவிட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டன. 2009 மே வரை சுயாதீனப் பத்திரிகையாளர் போர்க்களத்துக்குள் தம் விருப்பம்போல் நுழைய முடியவில்லை. அந்நாட்களில் எங்கள் துயரின் படங்களும் செய்திகளும் இணைய வழியாகவே உலகை எட்டின. 1997இல் தொடங்கிய 'தமிழ்நெற்' தளம் 2007இல் இலங்கையில் முடக்கப்பட்டதும் அதன் வலிமைக்குச் சான்றன்றோ? என் மாணவர்களின் கையெழுத்து இதழ்கள் யாவும் இடம்பெயர்விலே தொலைந்தன. 2005இல் தோன்றிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் அவற்றுள் ஒன்றேனும் ஏறியிருந்தால் இன்று என் கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே கருவியைக் கைவிடச் சொல்லேன். தொலைந்த அந்த ஓரிரவை நாமே வலிந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பேன். பாடசாலைதோறும் செய்திப் பணியில் இறங்கும் மாணவர்க்கு மூன்று பழக்கங்கள் போதும். முதலாவது, அறிந்தவரிடம் கேட்டல்: குளத்தைப்பற்றி நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம், ஊரைப்பற்றிக் கிராம சேவையாளரிடம். ஆறுதலாக ஆராயும் விடயமாயின், எழுத்தில் தகவல் கோரும் உரிமையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு அளித்திருக்கிறது. இரண்டாவது, செய்தி கிடைத்த நேரத்தையும் கிடைத்த இடத்தையும் குறித்தல். மூன்றாவது, தவறினால் அழிக்காது, அதன் கீழேயே திருத்தத்தை எழுதல்.

என்றேனும் ஒரு மாரியில் குளம் மெய்யாகவே உடைப்பெடுக்கலாம். அன்று நம் பிள்ளைகள் கூவினால் ஊர் நம்பி எழவேண்டும்.