வேருக்குக் கொஞ்சம் தாகம் வேண்டும்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஏப்ரல் பிறந்ததும் வீட்டைச் சுற்றியுள்ள புல்தரை பச்சை பிடிக்கத் தொடங்கும். பனியெல்லாம் உருகி, வெயில் இதமாக அடிக்கிற முதல் வாரத்திலேயே பல வீடுகளில் ஸ்பிரிங்க்ளருக்கு டைமர் போட்டுவிடுகிறார்கள், தினமும் பத்து நிமிடம் என்று. அங்கே வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்களும் இதில் அடக்கம். வெயில் வந்துவிட்டால் செடிக்குத் தண்ணீர் விடவேண்டும் என்றே பழகி வந்தவர்கள் நாம். ஆனால் அந்தப் பத்து நிமிடத் தண்ணீரால் புல்லுக்கு நன்மை இல்லை. ஜூலையில் அது காய்ந்து போவதற்கு அதுவே காரணமாகவும் அமையலாம்.

முதலில் மண்ணின் வரவு செலவைப் பார்ப்போம். நியூஜெர்சியில் ஏப்ரல் மாதத்தில் சராசரியாக 100 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. பாலைவன நகரமான லாஸ் வேகாஸில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறக்குறைய இவ்வளவுதான். செலவுப் பக்கம், ஏப்ரல் மாத வெயிலில் மண்ணிலிருந்து ஆவியாவதும் புல்லின் இலைகள் வழியே வெளியேறுவதும் சேர்ந்து ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மி.மீ. போகும். குளிர்காலம் முழுக்க உருகிய பனியும் பெய்த மழையும் மண்ணுக்குள் ஏற்கெனவே இறங்கியிருக்கின்றன. ஆக, வழக்கமான ஆண்டில் ஏப்ரலில் புல்தரைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடவேண்டியதில்லை. மழை ஏமாற்றாவிட்டால் மே மாதத்தின் பெரும்பகுதியையும் அப்படியே ஓட்டிவிடலாம்.

தண்ணீர் மிச்சம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வசந்த காலத்தில் புல்லின் முக்கியமான வேலை மண்ணுக்குக் கீழே நடக்கிறது. அமெரிக்காவின் வட மாநிலங்களில் வளர்ப்பது கென்டக்கி புளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ போன்ற, குளிர்ந்த பருவத்தில் வளரும் புல் வகைகளை. இவற்றின் வேர்கள், மண்ணின் வெப்பம் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போதுதான் மும்முரமாக வளரும். மண் சூடேறிய பிறகு புதிய வேர் விடுவது குறைந்து, இருக்கிற வேரும் தேயத் தொடங்கும். கோடையைத் தாண்டுவதற்கான வேரைப் புல் ஏப்ரல், மே மாதங்களில்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு வேர்? 1937-இல் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், புல் குடும்பத்தைச் சேர்ந்த ஒற்றை ரை தானியச் செடியை நான்கு மாதம் ஒரு பெட்டியில் வளர்த்து, அதன் வேர்களை அளந்து கணக்கிட்டார். மொத்த நீளம் சுமார் 620 கிலோமீட்டர். அதாவது சென்னையிலிருந்து நாகர்கோவிலையே நெருங்கிவிடும் தூரம். கண்ணுக்கு எளிதில் தெரியாத வேர்த்தூவிகளைத் தனியாகக் கணக்கிட்டால் 10,000 கிலோமீட்டருக்கு மேல். முற்றத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வளரும் புல்லுக்கு அத்தனை வசதி கிடையாது. ஆனால் இடமும் காற்றும் கொடுத்தால் ஒரு புல் என்னவெல்லாம் செய்யும் என்பது இதில் தெரிகிறது.

வேர் தண்ணீரைத் தேடி ஆழத்துக்குப் போகும் என்று சொல்வது வழக்கம். வெகு ஆழத்தில் கிடக்கும் தண்ணீரை மோப்பம் பிடித்து வேர் இறங்குவதில்லை. தன் நுனி இருக்கும் இடத்தில் ஈரமும் காற்றும் இருந்தால் வளரும், மண் உலர்ந்துவிட்டால் நின்றுவிடும், அவ்வளவுதான். வசந்தத்தில் வெயில் மண்ணின் மேலடுக்கை முதலில் உலர்த்துகிறது, கீழே பனிநீரின் ஈரம் அப்படியே இருக்கிறது. மேலே வளர வழியில்லாத வேர் கீழே வளர்கிறது. மண் உலர உலர, செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி, இலைத்துளைகளை மூடச்சொல்லும். இலை வளர்ச்சி மட்டுப்படும்போதும் வேரின் வளர்ச்சி தொடர இந்த ஹார்மோன் துணை செய்கிறது. தினமும் மேலாக நனைத்தால் இந்த ஏற்பாடு முழுவதும் கெடுகிறது. மேல் மூன்று, நான்கு சென்டிமீட்டரிலேயே எல்லாம் கிடைப்பதால் வேர் அங்கேயே தங்கிவிடும். ஜூலையில் அந்த மேலடுக்கு ஒரே நாளில் காய்ந்துபோகும்போது பிடித்துக்கொள்ள அடியில் வேர் இருக்காது.

அதிக ஈரத்தால் வரும் இன்னொரு கேட்டைப் பலரும் நினைப்பதில்லை. வேரும் மூச்சுவிடுகிறது. மண்துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் காற்று இருந்தால்தான் அதற்கு ஆக்சிஜன். அந்த இடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால், ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைகிறது. வேர் மூச்சுத்திணறிப் பழுப்பேறும், இலை மஞ்சளாகும். மஞ்சளைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று டைமரைக் கூட்டுபவர்கள் உண்டு.

சரி, எப்போதுதான் தண்ணீர் விடுவது? புல்லே சொல்லும். தாகம் எடுத்த புல் பளிச்சென்ற பச்சையை இழந்து நீலம் கலந்த சாம்பல் நிறம் காட்டும். இலைகள் நீளவாக்கில் மடியும். அதன்மேல் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். மிதிபட்ட புல் உடனே நிமிர்ந்தால் தண்ணீர் இருக்கிறது, காலடித் தடம் அப்படியே கிடந்தால் விட வேண்டிய நேரம். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை மண்ணில் குத்திப் பார்ப்பதும் நல்ல சோதனை, ஈர மண்ணில் அது தடையில்லாமல் இறங்கும்.

விடுவதென்றால் ஆழமாக விட வேண்டும். மழையையும் சேர்த்து வாரத்துக்கு 25 மி.மீ. என்பது பொதுவான உச்ச அளவு, வசந்தத்தில் அதிலும் குறைவாகவே தேவைப்படும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. உயரத்துக்கு நிற்கும் நீர் சரியாக ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் புல்தரைக்கு 25 மி.மீ. என்றால் 2,500 லிட்டர்! இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மழையை மதிக்கத் தோன்றும். உங்கள் ஸ்பிரிங்க்ளர் எவ்வளவு பொழிகிறது என்று அறிய, பக்கங்கள் நேராக உள்ள ஒரே அளவுத் தகர டப்பாக்கள் சிலவற்றை அங்கங்கே வைத்துக் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஸ்கேலால் அளந்தால் போதும். ஒரு டப்பாவில் 3 மி.மீ., இன்னொன்றில் 9 மி.மீ. என்று வரலாம். ஒரே புல்தரையில் ஓர் ஓரம் காய்வதும் மறு ஓரம் அழுகுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

மண்ணையும் கவனிக்க வேண்டும். 25 மி.மீ. நீர் மணற்பாங்கான நிலத்தில் 30 சென்டிமீட்டர் வரை இறங்கும், களிமண்ணில் 10, 12 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். களிமண் மெதுவாகத்தான் குடிக்கும். ஸ்பிரிங்க்ளர் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் கொட்டுவதால் மிச்சம் தெருவில் ஓடும். பத்து நிமிடம் விட்டு, அரை மணி நேரம் நிறுத்தி, மீண்டும் விடுவதுதான் அங்கே வழி.

நேரம் விடியற்காலை. காற்று அடங்கியிருக்கும், குழாயில் அழுத்தம் இருக்கும், ஆவியாகி வீணாவதும் குறைவு. இவற்றைவிட முக்கியமான காரணம் பூஞ்சை. புல்லில் நாணயம் அளவுக்கு வெளிறிய வட்டங்களை உண்டாக்கும் டாலர் ஸ்பாட் நோயின் பூஞ்சைக்கு, இலை தொடர்ந்து பல மணி நேரம் நனைந்திருக்க வேண்டும். மாலையில் தண்ணீர் விட்டால் அந்த ஈரம் இரவுப் பனித்துளியோடு சேர்ந்து காலைவரை நீள்கிறது. விடியற்காலையில் விட்டால், எப்படியும் பனியில் நனைந்திருக்கும் இலைதான் மேலும் நனைகிறது. சூரியன் ஏறியதும் எல்லாம் சேர்ந்து உலர்ந்துவிடும்.

புல் வெட்டுவதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுவும் வேரைத் தொடும் வேலை. அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க்ளின் கிரைடர் 1955-இல் வெளியிட்ட ஆய்வில், இலையில் பாதிக்குமேல் ஒரேயடியாக வெட்டினால் பெரும்பாலான புல் வகைகளில் வேர் வளர்ச்சி சில நாட்களுக்கு நின்றேபோவதைக் காட்டினார். ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பதும், ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம் விட்டு வைப்பதும் அதனால்தான்.

புதிதாக விதைத்த தரைக்கு மட்டும் இந்தப் பட்டினி கூடாது. முளைக்கும் விதைக்கு வேரே இல்லை. மேல்மண் காயாதபடி தினமும் இரண்டு, மூன்று முறை லேசாகத் தெளித்து, முளை ஊன்றிய பிறகு படிப்படியாக இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

டெக்சாஸ் போன்ற தென் மாநிலங்களில் கதையே வேறு. அங்கே வீட்டு முற்றங்களில் பரவலாக வளரும் பெர்முடா புல் நம்முடைய அருகம்புல்லேதான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே இனம். குளிர்காலத்தில் வைக்கோல் நிறத்தில் உறங்கிக் கிடக்கும் அது, மண் 18 டிகிரியைத் தொடும் வாக்கில்தான் விழிக்கும். உறங்கும் புல்லை எழுப்ப மார்ச் தொடக்கத்திலேயே தண்ணீரைத் திறந்துவிடுவதில் பயனில்லை, குளிர்காலக் களைகள்தான் கொழுக்கும். விழித்த பிறகும் அது சிக்கனக்காரப் புல். சோளம், கரும்பு போல ‘சி4’ வகை ஒளிச்சேர்க்கை செய்வதால், இலைத்துளைகளை அதிகம் திறக்காமலேயே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிராம் உலர்எடை சேர்க்க அது செலவிடும் நீர், வட மாநிலப் புற்கள் செலவிடுவதில் பாதி அளவுதான்.

ஒரு வீட்டு முற்றம் சிறியதுதான். ஆனால் நாசா ஆய்வு மையத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா மிலேசியும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் புல்தரைகளின் மொத்தப் பரப்பு சுமார் 1,63,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பைவிட இது அதிகம். இதில் கணிசமான பகுதிக்குக் குடிநீரையே பாய்ச்சுகிறார்கள். நெவாடா மாநிலம் 2021-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, லாஸ் வேகாஸ் பகுதியில் அலுவலக வளாகங்களிலும் சாலையோரங்களிலும் வெறும் அழகுக்காக வளர்க்கும் புல்லுக்கு 2026 முடிவுக்குப் பிறகு கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சத் தடை விதித்தது. மழை தாராளமான நியூஜெர்சியில் அந்த அளவு நெருக்கடி இல்லை. இருந்தாலும் அங்கே 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு பொருத்தப்படும் தானியங்கி ஸ்பிரிங்க்ளர்களுக்கு மழை உணரி கட்டாயம். பெரும்பாலான உணரிகளுக்குள் இருப்பவை தக்கை போன்ற சில வட்டத் தகடுகள். மழையில் நனைந்து உப்பி, ஒரு பொத்தானை அழுத்தி மின்சுற்றைத் துண்டிக்கும், உலர்ந்ததும் சுருங்கி மறுபடி இணைக்கும். சில ஆண்டுகளில் அந்தத் தகடுகள் உப்பும் திறனை இழந்துவிடும். கூரை ஓரத்தில் இருக்கும் அந்த உணரியின்மேல், ஸ்பிரிங்க்ளர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சில நிமிடங்களில் ஸ்பிரிங்க்ளர் நிற்கவில்லை என்றால், இந்த வசந்தத்தில் புல்தரைக்குச் செய்யவேண்டிய முதல் செலவு அந்த உணரியை மாற்றுவதுதான்.