அத்திபெலே தீ விபத்து: தண்டனைக்குக் காத்திராத உரிமை

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள அத்திபெலேயில், 2023 அக்டோபர் 7 அன்று பிற்பகல் ஒரு பட்டாசுக் கடையிலும் அதன் கிடங்கிலும் பற்றிய தீயில் 14 பேர் இறந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. சிகிச்சையில் இருந்தவர்களிலும் சிலர் இறந்ததால் அந்த எண்ணிக்கை பின்னர் உயர்ந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தீபாவளிப் பருவக் கூலிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த இளைஞர்கள். தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்த டி.அம்மாபேட்டை என்னும் ஒரே ஊர் அவர்களில் பலரை இழந்தது. வழக்கு மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறைக்கு (சிஐடி) மாற்றப்பட்டது. கர்நாடக அரசு இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாயும் தமிழ்நாடு அரசு தலா 3 லட்சம் ரூபாயும் அறிவித்தன.

இத்தகைய சாவுகளில் குற்றவியல் சட்டம் முதலில் எழுப்பும் வினா, பொறுப்பாளியின் மனநிலை எத்தகையது என்பதாகும். உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்று அறிந்தே அவர் அவ்வாறு நடந்திருந்தால் அது இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஆம் பிரிவு கூறும் கொலையாகாத மரணம் விளைவித்தலாகி, பத்தாண்டு வரை சிறைக்கு இடமளிக்கும். வெறும் கவனக்குறைவு என்றால் 304-ஏ பிரிவின்கீழ் உச்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள். போபால் நச்சுவாயு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டை முன்னதிலிருந்து பின்னதற்கு இறக்கியதன் விளைவாகவே, ஆயிரக்கணக்கானோரின் சாவுக்கு 2010இல் விதிக்கப்பட்ட தண்டனை இரண்டாண்டுச் சிறையோடு நின்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கான உச்ச வரம்பை ஐந்தாண்டாக உயர்த்தியிருந்தாலும், குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டத்தைவிடக் கூடுதலான தண்டனையை அரசமைப்பின் 20ஆம் உறுப்பு தடுப்பதால், அந்த உயர்வு அத்திபெலே வழக்குக்குப் பொருந்தாது.

எனினும் பறிகொடுத்த குடும்பத்துக்குச் சேர வேண்டியது இந்த வினாவின் விடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதே பொதுவெளியில் மிகக் குறைவாகப் பேசப்படும் செய்தி. 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்ததை ஒட்டிய எம்.சி. மேத்தா வழக்கில், இயல்பிலேயே ஆபத்தான தொழிலை நடத்தும் நிறுவனம் அதனால் விளையும் கேட்டுக்கு எந்த விலக்கும் கோர முடியாமல் ஈடு செய்தாக வேண்டும் என்னும் முழுப்பொறுப்புக் கோட்பாட்டை 1986 டிசம்பர் 20 அன்று நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு வகுத்தது. எவ்வளவு கவனத்தோடு இருந்தோம் என்று காட்டுவது அங்கே தற்காப்பாகாது.

தொழிலாளர்களைப் பொறுத்தவரை இதைவிட நேரான வழியை 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் காட்டியது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த சாவுக்கு முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்காமலேயே அது ஈடு பெற்றுத் தந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சில நாள் வேலைக்கு வந்தவரையும் அது ஒதுக்கவில்லை. மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவதே கணக்கு. மாதம் 15,000 ரூபாய் என்னும் வரம்பளவு கூலி பெற்ற 18 வயது இளைஞருக்கு அந்த எண் 226.38 ஆகையால், அவரைச் சார்ந்திருந்த பெற்றோருக்குச் சேர வேண்டிய தொகை 16,97,850 ரூபாய் ஆகிறது. இரு அரசுகள் அறிவித்த நிதியையும் கூட்டினாலும் அது இதில் பாதியைக்கூட எட்டாது. அந்த நிதியோ அரசு தன் விருப்பால் அளிப்பது, இதுவோ முதலாளி பட்டிருக்கும் கடன். அறிவிப்பு வந்த கையோடு நியாயம் கிடைத்துவிட்டதாகக் கருதப்படுவது, ஏழைக் குடும்பத்துக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதி.

ஒரு மாதத்துக்குள் தொகையைச் செலுத்தாத முதலாளிமீது 12 விழுக்காடு வட்டியையும், தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையெனில் ஐம்பது விழுக்காடு வரை அபராதத்தையும் சுமத்த இச்சட்டம் இடமளித்தது. குடும்பம் வாழும் பகுதிக்குரிய ஆணையரிடமே மனு கொடுக்க முடியும் என்பதால், சாவு கர்நாடகத்தில் நிகழ்ந்தாலும் அரூர்ப் பெற்றோர் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. மனுவுக்கு விதிக்கப்பட்ட இரண்டாண்டுக் காலம் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டபோதிலும், போதிய காரணம் காட்டினால் காலம் கடந்த மனுவையும் ஏற்கும் அதிகாரத்தை அச்சட்டமே ஆணையருக்கு அளித்திருந்தது. இப்படியொரு உரிமை இருப்பதையே யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்றால், அதைக் காட்டிலும் போதிய காரணம் வேறொன்று இருக்க முடியாது.