உதகைப் பூங்கா

திருவள்ளூரை அடுத்த மணவாள நகரத்தார் இரவில் அரக்கோணம் சென்று நீலகிரி விரைவு வண்டியில் ஏறின், காலையில் மேட்டுப்பாளையம் அடைவர். அங்கிருந்து பற்சக்கர மலைவண்டி 46 கிலோமீட்டர் ஊர்ந்து, நண்பகலில் உதகையிற் சேர்க்கும். அதில் இடங்கள் மிகக் குறைவு. முன்பதிவு இன்றிப் புறப்படுதல் வீண்.

அன்றே தாவரவியல் பூங்காவைக் கண்டுவிடலாம் என்று எண்ணற்க. 1848-இல் மெக்ஐவர் என்பார் உருவாக்கத் தொடங்கிய அப்பூங்கா, தொட்டபெட்டாச் சரிவில் 55 ஏக்கர் அளவில் படிப்படியாக உயர்ந்து செல்வது. களைத்த கால்கள் கீழ்ப்புல்வெளியோடு நின்றுவிடும். ஆதலின் அருகே தங்கி, மறுநாட் காலையிற் செல்க. இரண்டு கோடி ஆண்டுகட்கு முன் வாழ்ந்து கல்லாய்ச் சமைந்த மரமொன்று அங்குக் கிடக்கிறது. அதன்முன் சிறிது நேரம் நிற்பீராக!

மே மாதத்தில் மலர்க்காட்சி உண்டு, நெரிசலும் உண்டு. காலாண்டு விடுமுறையே நன்று. கம்பளியாடை எப்பருவத்தும் வேண்டும்.